இரண்டு சேர்ந்தால்தான் தெரியும் நிறம்

நேயர்களுக்கு வணக்கம். குதிரைகளின் நிறம் எப்படித் தீர்மானமாகிறது என்று பேசச் சொல்லி நிலையத்தார் அழைத்திருந்தார்கள். பெரிய தலைப்பு. இருக்கிற நேரத்தில் எல்லாவற்றையும் தொட்டுவிட்டுப் போவதைவிட, எனக்குப் பிடித்த ஒரே ஒரு மரபணுவைப் பிடித்துக்கொண்டு பேசலாம் என்று நினைக்கிறேன். அதன் பெயர் பேர்ல். ஸ்பெயின், போர்ச்சுகல் குதிரைகளில் இருப்பது.

முதலில் ஒரு புதிர். குதிரை வளர்ப்பவர்களிடம் ஒரு பழைய விதி உண்டு. அப்பனும் செம்பழுப்பு, தாயும் செம்பழுப்பு என்றால் குட்டியும் செம்பழுப்பாகத்தான் பிறக்கும். செம்பழுப்பு என்று நான் சொல்வது, அவர்கள் செஸ்ட்நட் என்கிற நிறத்தை. உடம்பு, பிடரி, வால் எல்லாமே சிவப்புக் கலந்த பழுப்பு, கறுப்பு மயிர் எங்கும் கிடையாது. இந்த விதி பெரும்பாலும் பொய்த்ததில்லை. ஆனால் ஐபீரியக் குதிரைகளில், அதாவது அந்த ஸ்பெயின், போர்ச்சுகல் குதிரைகளில், எப்போதாவது இப்படி ஒரு ஜோடிக்கு, உடம்பும் பிடரியும் வாலும் ஒரே மாதிரி வெளிறி, ஆப்ரிகாட் பழத்தின் நிறத்தில் ஒரு குட்டி பிறந்துவிடும். தோலும் வெளுத்திருக்கும். தாயின் பக்கமும் தந்தையின் பக்கமும் வம்சப் பட்டியலைப் புரட்டினால் அப்படியொரு நிறமே இருக்காது. அப்புறம் என்ன, வேலியைத் தாண்டி வேறு எந்தக் குதிரை வந்தது என்றுதான் முதல் சந்தேகம் எழும். பாவம், தாயின் மேல் ஒரு தப்பும் இல்லை.

இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் அடிப்படை வேண்டும். குதிரையின் மயிரில் இருக்கும் நிறமிகள் இரண்டே வகை. யூமெலனின் கறுப்பு, ஃபியோமெலனின் சிவப்பு. கறுப்பை உண்டாக்க முடியுமா முடியாதா என்று தீர்மானிக்கும் மரபணுவுக்கு எம்சி1ஆர் என்று பெயர். எந்த மரபணுவும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதியாக வரும். எம்சி1ஆரின் இரண்டு பிரதியும் வேலை செய்யாதவையாக ஒரு குதிரையிடம் சேர்ந்துவிட்டால் அது செம்பழுப்பு. 1996-இல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். கறுப்பை உண்டாக்க முடிகிற குதிரையில், அந்தக் கறுப்பு உடம்பெங்கும் பரவுமா, கால், பிடரி, வால் என்று ஓரங்களில் மட்டும் நிற்குமா என்பதை இன்னொரு மரபணு பார்த்துக்கொள்கிறது. பரவினால் கறுப்புக் குதிரை, ஓரங்களில் நின்றால் பே என்று சொல்லப்படும் கருங்கால் பழுப்புக் குதிரை. அவ்வளவுதான். குதிரை உலகத்தின் அடிப்படை நிறங்கள் இந்த மூன்று. மற்ற அழகெல்லாம் இவற்றின் மேல் வேறு மரபணுக்கள் செய்யும் கைவேலை.

அந்தக் கைவேலைக்காரர்களில் ஒரு கூட்டம் நிறத்தை வெளிற வைப்பவை. அவற்றில் மிகப் பிரபலம் க்ரீம். இது கணக்குப் பார்த்து வேலை செய்யும். ஒரு பிரதி இருந்தால் செம்பழுப்புக் குதிரை பலோமினோ ஆகிவிடும். பொன்னிற உடம்பு, வெண்மையான பிடரி, சினிமாவில் பார்த்திருப்பீர்கள். இரண்டு பிரதி இருந்தால் உடம்பு பால்போல் வெளுத்து, தோல் இளஞ்சிவப்பாகி, கண் நீலமாகிவிடும். கிரெமெல்லோ என்பார்கள். ஆக, க்ரீம் ஒளிந்துகொள்வது அபூர்வம். கறுப்புக் குதிரையில் ஒற்றைப் பிரதியாக இருந்தால் மட்டும் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. 2003-இல் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் க்ரீமுக்குக் காரணமான மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். எஸ்எல்சி45ஏ2 என்று பெயர். பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அது மறுபடியும் வரும்.

பேர்ல் அப்படியில்லை. அது ஒடுங்கு பண்பு. பள்ளிக்கூடத்தில் மெண்டலின் பட்டாணிச் செடிகளோடு படித்தோமே, ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு என்று, அதேதான். ஒரு பிரதி இருந்தால் ஒன்றும் ஆகாது. குதிரை சாதாரணச் செம்பழுப்பாகவோ கறுப்பாகவோ நிற்கும். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று இரண்டும் வந்து சேர்ந்தால்தான் அந்த ஆப்ரிகாட் நிறம் வெளிப்படும். நம் புதிரில் வந்த இரண்டு செம்பழுப்புகளும் ஆளுக்கொரு பேர்லைச் சுமந்துகொண்டிருந்தன, அவ்வளவுதான் சங்கதி. பழைய விதியும் பொய்யாகவில்லை. அந்தக் குட்டி அடிப்படையில் செம்பழுப்பேதான், வெளுத்துப்போன செம்பழுப்பு.

அமெரிக்காவின் குவார்ட்டர் குதிரைகளிலும் பெயிண்ட் குதிரைகளிலும் இதே நிறம் உண்டு. அங்கே இதை பார்லிங்க் ஃபாக்டர் என்று அழைத்துக்கொண்டிருந்தார்கள். பிறகுதான் இரண்டும் ஒன்று என்று தெரிந்தது. கொலம்பஸின் இரண்டாம் பயணம் தொடங்கி ஸ்பானியர்கள் கப்பல் கப்பலாகக் குதிரைகளைக் கொண்டுபோனார்கள். அந்த வழியில் போயிருக்க வேண்டும்.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். ஒரு குதிரையிடம் ஒரே ஒரு பேர்ல் இருக்கிறது. தனியாக இருந்தால் வாய் திறக்காத பேர்ல். அதே குதிரையிடம் ஒரே ஒரு க்ரீமும் இருக்கிறது. க்ரீம் மட்டும் இருந்திருந்தால் பலோமினோ ஆகியிருக்கும். இரண்டும் சேர்ந்தால்? உடம்பு மிக வெளிறி, தோலும் வெளிறி, கண்கூட நீலமோ பச்சையோ கலந்து, கிட்டத்தட்ட இரண்டு க்ரீம் இருக்கும் குதிரை மாதிரியே நிற்கிறது. பார்த்தவர்கள் அப்படித்தான் எழுதியும் வைத்தார்கள். சிக்கல் அடுத்த தலைமுறையில் வந்தது. உண்மையான கிரெமெல்லோவைச் செம்பழுப்போடு சேர்த்தால் பிறக்கும் குட்டி ஒவ்வொன்றும் பலோமினோதான். கொடுக்க க்ரீமைத் தவிர அதனிடம் வேறொன்றும் இல்லையே. இந்தக் குதிரைகளைச் சேர்த்தாலோ பாதிக் குட்டிகள் பலோமினோ, மீதிப் பாதி கறையில்லாத செம்பழுப்பு. இரண்டு க்ரீம் வைத்திருக்கும் குதிரைக்கு இப்படிப் பிறக்கவே முடியாது.

இதிலிருந்து ஒரு விஷயம் புரிகிறது. பேர்லும் க்ரீமும் அருகருகே நடக்கும் இரண்டு வேறு வேலைகள் அல்ல. ஒரே மரபணுவில் ஏற்பட்ட இரண்டு வேறு பழுதுகள். அந்த எஸ்எல்சி45ஏ2-தான். ஒரு குதிரைக்கு அந்த மரபணுவில் இரண்டே இரண்டு இருக்கைகள். ஒன்றில் க்ரீம், ஒன்றில் பேர்ல் உட்கார்ந்துவிட்டால் சரியாக வேலை செய்யும் பிரதி ஒன்றுகூட மிச்சமில்லை. இரண்டு இருக்கையிலும் க்ரீம் இருந்தால் பேர்லுக்கு இடமே கிடையாது. வளர்ப்பவர்கள் இதைக் குட்டிகளைப் பார்த்தே ஊகித்துவிட்டார்கள் என்பது எனக்கு வியப்பு. ஆய்வகச் சான்று வந்தது 2019-இல்தான். மாட்ரிட் ஆய்வாளர்களும் ஃப்ளோரிடா ஆய்வாளர்களும் தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்தார்கள். அந்த மரபணு சொல்லிச் செய்யப்படும் புரதத்தில் 153-ஆவது இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறினால் க்ரீம். 329-ஆவது இடத்தில் அலனின் இருக்க வேண்டிய இடத்தில் திரியோனின் வந்தால் பேர்ல்.

அந்தப் புரதம் என்ன செய்கிறது? நிறமி உண்டாவது மெலனோசோம் என்ற நுண்ணிய பைக்குள். சாயப்பட்டறைத் தொட்டியில் தண்ணீரின் புளிப்பு கூடினால் சாயம் சரியாக ஏறாது இல்லையா, இங்கேயும் அதே கதை. பைக்குள் அமிலத்தன்மை கூடினால் மெலனினை உண்டாக்கும் டைரோசினேஸ் என்ற நொதி சுணங்கிவிடும். அமிலம் கூடாமல் பார்த்துக்கொள்வதில் இந்தப் புரதத்துக்குப் பங்கு உண்டு. பேர்லின் பழுது லேசானது. அதனால்தான் இன்னொரு நல்ல பிரதி பக்கத்தில் இருந்தால் அது சமாளித்துவிடுகிறது. க்ரீமின் பழுது கடுமையானது, ஒரு நல்ல பிரதியால் முழுதாக ஈடுகட்ட முடிவதில்லை. இது நான் பார்க்கும் விதம். ஆனால் நிறங்களின் வரிசை அதற்குப் பொருந்தியே இருக்கிறது.

இதே மரபணு மனிதர்களிடமும் உண்டு. நம்மில் அது இரண்டு பிரதியும் கெட்டால் வருவது பிறவி வெண்மையின் ஒரு வகை. வண்டலூர் உயிரியல் பூங்காவில் வெள்ளைப்புலியைப் பார்த்திருப்பீர்கள். அதன் வெண்மைக்கும் இதே எஸ்எல்சி45ஏ2-தான் காரணம் என்று 2013-இல் சீன ஆய்வாளர்கள் காட்டினார்கள். பழுது வேறோர் இடத்தில். சிவப்பு நிறமி போய்விடும், கறுப்பு வரிகள் நிற்கும். அதுவும் ஒடுங்கு பண்புதான். 1951-இல் மத்தியப் பிரதேசத்தின் ரேவா காட்டில் மோகன் என்ற வெள்ளைப்புலிக் குட்டியைப் பிடித்தார்கள். சாதாரணப் பெண்புலியோடு சேர்த்தபோது பிறந்ததெல்லாம் சாதாரணக் குட்டிகள். பிறகு மோகனை அதன் மகளோடே சேர்த்தார்கள். 1958-இல் வெள்ளைக் குட்டிகள் பிறந்தன. மகளிடம் அப்பனின் ஒரு பிரதி ஒளிந்திருந்தது. அந்த வழியில் வந்த புலிகளிடம் மாறுகண் அதிகம் என்பதும் பலருக்குத் தெரிந்ததே.

குதிரைக்குத் திரும்புவோம். ஒளிந்திருக்கும் பேர்ல் எத்தனை தலைமுறை ஒளிந்திருக்கும்? கணக்கு இப்படி. பேர்ல் சுமக்கும் குதிரையைச் சுமக்காத குதிரையோடு சேர்த்தால், ஒவ்வொரு குட்டிக்கும் சுமக்கும் வாய்ப்பு பாதி. இப்படியே எத்தனை தலைமுறை வேண்டுமானாலும் யார் கண்ணிலும் படாமல் போகலாம். சுமப்பவை இரண்டு சேர்ந்தால், நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் பேர்ல் நிறம். நான்கில் ஒன்று என்றால் நான்காவது குட்டி என்று அர்த்தமில்லை, ஒவ்வொரு முறையும் அதே நான்கில் ஒன்று. குதிரைக்குச் சினைக்காலம் ஏறக்குறைய 11 மாதம், ஒரு முறைக்கு ஒரு குட்டி. ஆறேழு குட்டி போட்டும் ஒன்றுகூடப் பேர்லாக வராமல் போவது சாதாரணம். இன்னொன்று, அந்த ஜோடிக்குச் சாதாரண நிறத்தில் பிறந்த குட்டிகளில் மூன்றில் இரண்டு பங்கு சுமப்பவை. பார்த்தால் தெரியாது. சொந்தத்தில் கல்யாணம் செய்வதைப் பற்றி மருத்துவர்கள் எச்சரிப்பதும் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

ஸ்பானியக் குதிரைகளில் இன்னொரு திரையும் உண்டு. அவற்றில் நிறையக் குதிரைகள் நரைப்பவை. எந்த நிறத்தில் பிறந்தாலும் வயது ஏற ஏற வெளுத்து வெள்ளையாகிவிடும். அது ஓங்கு பண்பு, ஒரு பிரதி போதும். அப்படி நரைத்த குதிரைக்கு அடியில் இருந்தது பேர்லா, கறுப்பா, பே நிறமா என்று யார் சொல்வது? மயிரின் நிறத்தை மட்டும் பார்த்து வம்சப் பதிவேடு எழுதிய காலத்தில் பேர்ல் என்ற ஒன்று இருப்பதே வெளியே தெரியாமல் இருந்ததில் ஆச்சரியமில்லை.

பேர்ல் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். ஸ்காட்லாந்தின் ஷெட்லண்ட் மட்டக்குதிரைகளில் மஷ்ரூம் என்று ஒரு நிறம். பெயருக்கு ஏற்றாற்போல் காளான் நிறமான மங்கல் பழுப்பு உடம்பு, வெளிறிய பிடரி. ரொம்ப நாள் இதை சில்வர் என்ற இன்னொரு மரபணுவின் வேலை என்று நினைத்திருந்தார்கள். ஆனால் சில்வர் கறுப்பு நிறமியை மட்டுமே வெளிற வைக்கும். இந்தக் குதிரைகளோ செம்பழுப்பு அடிப்படை, கறுப்பே கிடையாது. சில்வர் சோதனையும் இல்லையென்றே சொன்னது. 2019-இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எம்எஃப்எஸ்டி12 என்ற மரபணுவில் ஒரு டிஎன்ஏ எழுத்து கூடுதலாக நுழைந்திருப்பதைக் கண்டார்கள். மஷ்ரூம் குதிரைகளில் அது இரண்டு பிரதியிலும் இருந்தது. சிவப்பு நிறமியை மங்க வைக்கும் ஒடுங்கு பண்பு. ஆப்பிரிக்க மக்களின் தோல் நிற வேறுபாட்டிலும் இந்த மரபணுவுக்குப் பங்கிருக்கிறது.

பேர்லும் மஷ்ரூமும் நிறத்தோடு நின்றுவிடுபவை, நோய் இல்லை. எல்லாம் அப்படியில்லை. அரேபியக் குதிரைகளில் லாவெண்டர் குட்டி நோய் என்று ஒன்று உண்டு. குட்டி வெள்ளியும் ஊதாவும் கலந்த வெளிறிய நிறத்தில் பிறக்கும். பார்க்க அழகு. ஆனால் எழுந்து நிற்காது, வலிப்பு வரும், பிழைக்காது. நிறமிப் பைகளை நகர்த்தும் அதே புரதம் நரம்புச் செல்களிலும் வேலை செய்கிறது, அது கெட்டால் இரண்டும் கெடும். தாயும் தந்தையும் பார்க்க நல்ல குதிரைகள்தான். அரிய நிறத்துக்காக நெருங்கிய சொந்தக் குதிரைகளையே திரும்பத் திரும்பச் சேர்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை என்பதற்கு இதுதான் காரணம். பேர்லை இரட்டிப்பாக்கும் அதே இனச்சேர்க்கை, பெயர் தெரியாமல் ஒளிந்திருக்கும் மற்றதையும் இரட்டிப்பாக்கும்.

இப்போது சோதனை எளிது. இரத்தம்கூட எடுக்க வேண்டாம். பிடரியிலிருந்தோ வாலிலிருந்தோ ஒரு இருபது, முப்பது மயிரை வேரோடு பிடுங்கி, உறையில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும். வெட்டிய மயிர் உதவாது, மரபணு இருப்பது வேரில். பேர்ல் ஒன்றா, இரண்டா, க்ரீமும் உண்டா என்று எழுதி வந்துவிடும். சினைக்கு விடுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளலாம். குட்டி பிறந்த பிறகு வேலியைச் சந்தேகப்பட வேண்டியதில்லை.

நன்றி, வணக்கம்.