வலியில்லாமல் இன்சுலின் போட்டுக்கொள்ள

நேயர்களுக்கு வணக்கம். இங்கே மும்பையில் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பக்கமிருந்து சர்க்கரை நோய்க்கு வைத்தியம் பார்க்க வருகிற நம் ஆட்களிடம் இன்சுலின் என்று சொன்னதுமே முகம் மாறிவிடும். "மாத்திரை எத்தனை வேண்டுமானாலும் கொடுங்க சிஸ்டர், ஊசி மட்டும் வேண்டாம்" என்பார்கள். அவர்களைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்ல எனக்கு மனம் வராது. தன் வயிற்றில் தானே குத்திக்கொள்வது யாருக்கும் லேசில்லை. ஆனால் அந்த வலி பெரும்பாலும் போடும் விதத்தால் வருவது. அதைக் குறைக்க முடியும்.

இன்சுலின் போடுவதற்கென்று பேனா மாதிரி ஒரு கருவி இருக்கிறது. அந்தப் பேனாவில் மாட்டும் ஊசி இப்போது 4 மில்லிமீட்டரிலேயே கிடைக்கிறது. நம் தோலின் தடிமனே ஏறக்குறைய 2 மில்லிமீட்டர். ஒல்லியோ பருமனோ, பெரியவர்களுக்கு அந்த 4 மில்லிமீட்டர் போதும். இன்னும் 8 மில்லிமீட்டர் ஊசி போடுகிறவர்கள் மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். நீள ஊசி தசைக்குள் போனால் வலிக்கும், சர்க்கரையும் சட்டென்று இறங்கும்.

மருந்தை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு போட்டால் எரியும். அரைமணி நேரம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள். ஸ்பிரிட் தடவினால் அது காயட்டும். ஈரத்தோடு குத்தினால் சுரீரென்று இருக்கும். மருந்தை முழுக்க அழுத்திய பிறகு பத்து எண்ணிவிட்டு ஊசியை வெளியே எடுங்கள்.

அப்புறம் ஒரே ஊசியை வாரக்கணக்கில் ஓட்டுவது. தோலுக்குள் வழுக்கிக்கொண்டு போவதற்காக ஊசிமேல் மெல்லிய சிலிக்கோன் பூச்சு இருக்கும். ஒருமுறை போட்டாலே அது தேய ஆரம்பிக்கும், முனையும் மழுங்கும். ஒவ்வொரு தடவையும் புது ஊசி என்பதுதான் முறை. கட்டுப்படியாகாத வீடுகள் இருக்கின்றன, தெரியும். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

இனி நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். பல வருஷமாக ஊசி போடும் ஒருவரைச் சட்டையைத் தூக்கச் சொன்னால், தொப்புளுக்குப் பக்கத்தில் பாதி எலுமிச்சம்பழம் அளவுக்கு மெத்தென்று ஒரு மேடு இருக்கும். "அந்த இடத்துலதான் வலிக்கவே வலிக்காது" என்பார். உண்மைதான். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தி, கொழுப்புத் தடித்து, உணர்ச்சி குறைந்துவிட்டது. ஆனால் அங்கே போடும் இன்சுலின் ஒரு நாள் உடம்பில் சேரும், மறுநாள் அப்படியே தங்கிவிடும். பத்தியத்தில் ஒரு குறையும் இல்லாதவருக்குக்கூட சர்க்கரை ஏறி ஏறி இறங்கும். மருந்தின் அளவைத்தான் கூட்டிக்கொண்டே போவார்கள். மேட்டை யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை.

குளிக்கும்போது சோப்பு நுரையோடு விரலால் தடவிப் பாருங்கள், மேடு தட்டுப்படும். இருந்தால் அந்த இடத்தை மாதக்கணக்கில் விட்டுவிட வேண்டும். ஆனால் நாளைக்கே அதே அளவை வேறு இடத்தில் போட்டுவிடாதீர்கள். நல்ல தோலில் மருந்து முழுதாக வேலை செய்யும், சர்க்கரை தாழ்ந்து மயக்கம்கூட வரலாம். மருத்துவரிடம் கேட்டு அளவைச் சரிசெய்துகொண்டு மாறுங்கள். மாறிய நாட்களில் குளுக்கோமீட்டரில் அடிக்கடி பாருங்கள். புது இடத்தில் வயிற்றை நாலு பாகமாக வைத்துக்கொண்டு வாரத்துக்கு ஒன்றாகச் சுற்றி வரலாம். தொப்புளைவிட்டு இரண்டு விரற்கடை தள்ளி, ஒரு குத்துக்கும் அடுத்த குத்துக்கும் ஒரு விரற்கடை இடம் விட்டால் போதும்.

பயத்துக்கு வருகிறேன். முதல் ஊசியை நர்ஸ் முன்னால் உங்கள் கையாலேயே போட்டுப் பாருங்கள். எவ்வளவு சின்ன ஊசி என்று கண்ணால் பார்த்தாலே பாதி பயம் போய்விடும். ஊசியைக் கண்டால் தலைசுற்றுகிறவர்கள் படுத்துக்கொண்டு போடலாம். குத்தும் நேரத்தில் மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: "இதுக்குப் போயா பயப்படுற" என்று சிரிக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து வேறு ஏதாவது பேசிக்கொண்டிருங்கள்.

போட்ட ஊசியைக் குப்பையோடு சேர்த்துப் போடாதீர்கள். குப்பை பிரிக்கிறவர் கையில் அது ஏறும். மூடி போட்ட கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் சேர்த்து வைத்து, அடுத்த தடவை வரும்போது மருத்துவமனையிலேயே கொடுத்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.