மெரினோ நூல்: ஆர்கானிக்கா, சூப்பர்வாஷா?

[காட்சி: மேசையில் இரண்டு நூல்கண்டுகள்]

ரெண்டுமே மெரினோதான். ஒண்ணுல 'ஆர்கானிக்'னு போட்டிருக்கு, இன்னொண்ணுல 'சூப்பர்வாஷ்', அதாவது மெஷின்ல துவைச்சாலும் சுருங்காத நூல். தொட்டுப் பார்த்தா சூப்பர்வாஷ்தான் வழவழன்னு பளபளப்பா இருக்கும். அந்த வழவழப்பு ஆட்டோட வந்தது இல்லை.

[காட்சி: மெரினோ ஆடு, கழுத்து மடிப்புகள் நெருக்கமாக]

முதல்ல ஆட்டைப் பார்ப்போம். மெரினோ ஸ்பெயின் நாட்டு இனம். இன்னிக்கு மெரினோ கம்பளின்னா பெரிய கை ஆஸ்திரேலியாதான். இழையோட தடிமன் பெரும்பாலும் 24 மைக்ரானுக்குக் கீழே. 30 மைக்ரானைத் தாண்டின இழைதான் கழுத்துல குத்தும். மெரினோ உறுத்தாம இருக்கறதுக்குக் காரணம் அவ்வளவுதான்.

சிக்கல் அதோட தோல்ல இருக்கு. மடிப்பு மடிப்பா இருக்கும். வாலுக்குக் கீழே அந்த மடிப்புல சிறுநீரும் கழிசலும் தங்கி ஈரமானா ஈ முட்டை போடும். பொரிச்சு வர்ற புழு, உயிரோட நிக்கிற ஆட்டோட சதையையே தின்னும். இதைத் தடுக்க, குட்டியா இருக்கும்போதே பின்பக்கத் தோலைக் கத்தரியால வெட்டி எடுத்துடுவாங்க. காயம் ஆறின இடத்துல முடி முளைக்காது, ஈரமும் நிக்காது. இதுக்குப் பேர் மியூல்சிங். ரொம்பக் காலம் வலி மருந்துகூட இல்லாமதான் செஞ்சாங்க.

நியூசிலாந்துல 2018 அக்டோபர்லேர்ந்து இதுக்குத் தடை. ஆஸ்திரேலியாவுல நாடு முழுக்கத் தடை கிடையாது. பண்ணைக்காரங்களை மட்டும் திட்டவும் முடியாது, புழு வெச்ச ஆடு படற பாடு அப்படி. ஆனா மடிப்பு குறைஞ்ச ஆடுகளாப் பார்த்து இனம் பெருக்கினா இந்த வெட்டே தேவைப்படாது. அப்படிச் செய்யற பண்ணைகளும் இருக்கு.

[காட்சி: லேபிள் நெருக்கமாக]

இப்போ லேபிள். ஆர்.டபிள்யூ.எஸ் (Responsible Wool Standard), ஆட்டை நல்லா வளர்க்கற பண்ணையோட கம்பளிக்குத் தர்ற முத்திரை. அது இருந்தா மியூல்சிங் இல்லைன்னு அர்த்தம்; ஆனா அது ஆர்கானிக் முத்திரை இல்லை. ஆர்கானிக் துணிக்கான முத்திரை ஜி.ஓ.டி.எஸ் (Global Organic Textile Standard), திருப்பூர்க்காரங்களுக்குப் பழகின பேர்தான். அதுல 'ஆர்கானிக்'னு போட இழையில 95 சதவீதமாவது ஆர்கானிக்கா இருக்கணும். மியூல்சிங்கும் ஆகாது, குளோரினும் ஆகாது.

குளோரின் எங்கே வந்துச்சு? கம்பளி இழை மேல மீனுக்கு இருக்கற மாதிரி செதில் இருக்கு. சூட்டுலயும் உரசல்லயும் அந்தச் செதில் ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்கிட்டு, ஸ்வெட்டர் சுருங்கி அட்டை மாதிரி ஆயிடும். சூப்பர்வாஷ் நூல்ல பெரும்பாலும் குளோரின் வெச்சு செதிலைத் தேய்ச்சுட்டு, மேல மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் பூச்சு கொடுத்திருப்பாங்க. தொட்டப்போ கைக்குப் பட்ட வழவழப்பு அதுதான்.

[காட்சி: இரண்டு கைகள், இரண்டு நூல் முனைகள்]

ஆர்கானிக் நூல்ல செதில் அப்படியே இருக்கறதுல பின்னறவங்களுக்கு ஒரு லாபம் உண்டு. கண்டு தீர்ந்துபோச்சா? பழைய முனை, புது முனை ரெண்டையும் ரெண்டு அங்குலம் பிரிச்சு விடுங்க. ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு, லேசா நனைச்சு, உள்ளங்கையில சூடு ஏற வேகமாத் தேயுங்க. ஒட்டிக்கும். முடிச்சே வேண்டாம். சூப்பர்வாஷ்ல இது நடக்காது.

ஆர்கானிக் நூல்ல பின்னினதைத் துவைக்கறப்போ வாஷிங் மெஷின் பக்கம் போகாதீங்க. பச்சைத் தண்ணியில ஊறப்போட்டு, பிழியாம டவல்ல சுருட்டி அழுத்தி, தரையில விரிச்சுக் காயவைங்க.

பிறந்த குழந்தைக்குப் பரிசாப் பின்னறீங்கன்னா, அந்த வீட்டுல கையால துவைக்க யாருக்காவது நேரம் இருக்குமான்னு முதல்ல கேட்டுக்கோங்க. இல்லைன்னா ஆர்.டபிள்யூ.எஸ் முத்திரை உள்ள சூப்பர்வாஷ் நூலே வாங்குங்க.