உள்ளே வரும் உப்பு

சனசமூக நிலையத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, நேரத்தோடு வந்து முன்வரிசையில் இருக்கும் அதிபர் அவர்களே, கிராம அலுவலர் அவர்களே, எனக்கு மாலை போட்ட பொருளாளர் தம்பியே, பெரியோர்களே, தாய்மாரே, வணக்கம்.

இதயத் தசையின் நுண்ணிய கலங்களுக்குள் சேரும் அமிலத்தைப் பற்றி மூன்று விடயம் சொல்லலாம் என்று வந்தேன்: அது எப்படிச் சேர்கிறது, எப்படி வெளியேறுகிறது, எப்படி அளக்கிறார்கள்.

இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ 1 லட்சம் தடவை துடிக்கிறது. அடுப்பெரித்தால் சாம்பல் சேரும்தானே? அப்படித்தான் கலத்துக்குள் அமிலம். அமிலம் எவ்வளவு என்று காட்டும் எண்தான் பி.எச்.; அமிலம் கூடினால் அது இறங்கும். கலத்துக்குள் அது 7.2 அளவில் நிற்க வேணும். இறங்கினால் தசை, சுருங்கச் சொல்லும் கல்சியத்தின் சொல்லைக் கேளாது, துடிப்புத் தளரும். 1880இலேயே கஸ்கெல் என்ற ஆங்கிலேயர் தவளை இதயத்தில் லாக்டிக் அமிலம் விட்டு இதைக் கண்டார்.

அமிலத்தை வெளியேற்றுவதற்குக் கலத்தைச் சுற்றியுள்ள சவ்வில் புரதங்கள் நிற்கின்றன. ஒன்று, அமிலத்துக்குக் காரணமான ஐதரசன் அயன் (மின்னேற்றமுள்ள அணு) ஒன்றை வெளியே தள்ளி, ஒரு சோடியம் அயனை உள்ளே எடுக்கும். இன்னொன்று சோடியத்தோடு இருகாபனேற்று என்ற காரப்பொருளைக் கொண்டுவந்து அமிலத்தை ஆற்றும். இரண்டுக்கும் கூலி சோடியம்தான், எங்கள் உப்பில் இருக்கும் அதே சோடியம். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு! அடைபட்ட குருதிக்குழாய் திறந்ததும் இந்தப் புரதங்கள் வெறிகொண்டு வேலைசெய்யும். சோடியம் நிறைந்துவிடும். அதை வெளியேற்றப் போய்க் கலம் கல்சியத்தை உள்ளே இழுக்கும். தாளம் தவறும், கலமே செத்தும் போகும்.

எங்கள் வீட்டுக் கதை ஒன்று. அப்பு துலா மிதித்து இறைத்த காலத்தில் கிணற்றுத் தண்ணீர் இளநீர் மாதிரி. அண்ணர் மோட்டர் வாங்கினார். வாங்கிய மிதப்பில் வெங்காயத்துக்கு இரவிரவாக இறைத்தார். விடியப் பார்த்தால் வெங்காயம் நனைந்திருந்தது, அண்ணர் வரம்பிலேயே நித்திரை, மோட்டர் மட்டும் முழிப்பு. அம்மா தேத்தண்ணி போட்டுக் கொடுத்தா. அப்பு ஒரு மிடறு குடித்துவிட்டு, "பிள்ளை, சீனிப் போத்தலெண்டு உப்புப் போத்தலை எடுத்திட்டியோ?" என்றார். அம்மாவுக்கு வந்த கோபம்! ஒரு கிழமை அவருக்குத் தேத்தண்ணியே இல்லை. பிறகுதான் கிணற்றை எட்டிப் பார்த்தார்கள்.

எங்கள் யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லுக்குள் நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு. கண்டபடி இறைத்தால் கீழிருப்பது மேலே ஏறும். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று அப்பு அன்றைக்கும் சொன்னார்.

அளக்கும் முறையைச் சொல்ல நேரமில்லை, செயலாளர் மணிக்கூட்டைக் காட்டுகிறார். நிலத்துக்குள் நன்னீர் சேர, மாரிக்கு முன் கோயில் குளத்தைத் தூர்வார வேணும். ஞாயிறு காலை 6 மணிக்கு மண்வெட்டியோடு வாருங்கள். தேத்தண்ணிக்குத் தண்ணீர் நான் வேறு கிணற்றிலிருந்து கொண்டு வருகிறேன்.