வீட்டிலேயே ஆரஞ்சு பிட்டர்ஸ்: எல்லாவற்றையும் ஒரே பாட்டிலில் போடாதீர்கள்

[காட்சி: கிளாஸில் விஸ்கி. மேலிருந்து இரண்டு சொட்டு விழுகிறது.]

இந்தச் சொட்டுகள்தான் பிட்டர்ஸ்: தோல், வேர், மசாலாப் பொருட்களை மதுவில் ஊறவைத்து எடுக்கும் கசப்பான சாரம். ஓல்ட் ஃபேஷன்ட் என்ற விஸ்கி காக்டெயிலில் இதைச் சேர்க்காவிட்டால், மிஞ்சுவது இனிப்புப் போட்ட விஸ்கிதான். 1806-லேயே நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் ஊர்ப் பத்திரிகை ஒன்று, காக்டெயில் என்றால் மது, சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ் நான்கும் சேர்ந்தது என்று எழுதியது.

பிட்டர்ஸ் முதலில் மருந்தாகத்தான் இருந்தது. தென் அமெரிக்க விடுதலைப் போராட்டத் தலைவர் சிமோன் பொலிவாரின் படையில் பணியாற்றிய ஜெர்மன் டாக்டர் யோஹான் சீகர்ட், வெனிசுவேலாவின் அங்கோஸ்துரா நகரில் 1824-இல் வயிற்றுக் கோளாறுக்காக ஒன்றைத் தயாரித்தார். அதுதான் அங்கோஸ்துரா பிட்டர்ஸ். இப்போது டிரினிடாடில் தயாராகிறது. செய்முறை இன்றும் ரகசியம். நாம் செய்யப்போகும் ஆரஞ்சு பிட்டர்ஸில் அப்படி ரகசியம் எதுவும் இல்லை.

[காட்சி: பீலரால் தோல் சீவும் கை.]

நான்கு ஆரஞ்சுகளை வெந்நீரில் தேய்த்துக் கழுவி, மேல்தோலை மட்டும் மெல்லிசாகச் சீவுங்கள். ஒரு துண்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மடித்துப் பாருங்கள், பொடிப் பொடியாகத் தெறிக்கிறதே, அந்த எண்ணெய்தான் வாசனை. அடியில் உள்ள வெள்ளைப் பகுதியில் வாசனை கிடையாது, வறட்டுக் கசப்புதான். அந்த எண்ணெய் தண்ணீரில் சரியாகக் கரையாது, ஆல்கஹாலில் கரையும். அதனால் 50 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள வோட்கா அல்லது ரம் எடுங்கள். குடிப்பதற்கென்று விற்கும் மதுவாகத்தான் இருக்க வேண்டும். சர்ஜிக்கல் ஸ்பிரிட், சானிடைசர் எல்லாம் விஷம், அந்தப் பக்கமே போகாதீர்கள். அடுப்புக்குப் பக்கத்திலும் இந்த வேலை வேண்டாம்.

[காட்சி: வரிசையாக நான்கு சின்னப் பாட்டில்கள்.]

பலரும் எல்லாவற்றையும் ஒரே பாட்டிலில் கொட்டி மூடிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. கிராம்பு ஒன்றிரண்டு நாளிலேயே மொத்த வாசனையையும் இறக்கிவிடும். ஆரஞ்சுத் தோலுக்கு ஒரு வாரமாவது வேண்டும். தோல் ஊறி முடிப்பதற்குள் கிராம்பு மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். அதனால் தோல் ஒரு பாட்டில், ஒன்றிரண்டாக இடித்த ஏலக்காயும் மல்லி விதையும் ஒரு பாட்டில், இரண்டே கிராம்பு ஒரு பாட்டில். கசப்புக்கு ஜென்ஷியன் என்ற செடியின் வேர் தனியாக. ஒரு டீஸ்பூன் போதும், அதன் கசப்பு அவ்வளவு கடுமை. எல்லாமே மூழ்கும் அளவுக்கு மதுவை ஊற்றி, வெளிச்சம் படாத இடத்தில் வைத்து, தினமும் ஒருமுறை குலுக்குங்கள். தினமும் முகர்ந்தும் பாருங்கள். வாசனை போதும் என்று தோன்றியதும் அந்தப் பாட்டிலை மட்டும் வடிகட்டிவிடலாம்.

அப்புறம் கலப்பது. இங்கே அவசரமே கூடாது. 100 மில்லி ஆரஞ்சு சாரத்தில் ஏலக்காய்-மல்லி சாரம் இரண்டு டீஸ்பூன், கிராம்பு சில சொட்டு. ஜென்ஷியனைக் கால் டீஸ்பூனாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு தடவையும் அரை டம்ளர் தண்ணீரில் நாலு சொட்டு விட்டு ருசி பாருங்கள். நேராக நாக்கில் வைத்தால் கசப்பும் காட்டமும் தவிர வேறெதுவும் தெரியாது. கடைசியில் கொஞ்சம் சர்க்கரைப் பாகு. தண்ணீர் சேரும்போது கலங்கினால் பயப்பட வேண்டாம், எண்ணெய் பிரிந்து வருகிறது, அவ்வளவுதான். காபி ஃபில்டர் பேப்பரில் வடிகட்டிச் சொட்டு மூடி போட்ட பாட்டிலில் நிரப்புங்கள்.

சோடாவில் விட்டாலும் நன்றாக இருக்கும். ஆனால் சில சொட்டானாலும் அதில் மது இருக்கிறது. மதுவே தொடாதவர்களுக்குக் கொடுக்கும் முன் சொல்லிவிடுங்கள். மற்றவர்கள் முதலில் ஜின் மார்ட்டினி காக்டெயிலில் விட்டுப் பாருங்கள். பழைய செய்முறைகள் பலவற்றில் அதற்கு ஆரஞ்சு பிட்டர்ஸ் உண்டு.