ஆட்டோசிஸில் பூட்டு இருப்பது ஜாபின் பெயரில்

வணக்கம் நண்பர்களே. சர்வர்களில் ஓட வேண்டிய வேலைகளை (ஜாபுகளை) நேரப்படியும் நிபந்தனைப்படியும் தானாக ஓட்டும் மென்பொருள்தான் ஆட்டோசிஸ். இன்றைக்கு அதில் யாருக்கு எந்த அனுமதியைக் கொடுப்பது என்பதைப் பற்றிப் பேசப்போகிறேன். அதற்கு முன் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

முன்பு நான் வேலை பார்த்த ஓரிடத்தில், பேமென்ட் குழுவினர் தங்கள் ஜாபுகளைத் தாங்களே இயக்கிக்கொள்வதற்காக, 'பே*' என்று, அதாவது 'பே'யில் தொடங்கும் எல்லா ஜாபுக்கும் பொருந்தும்படி, ஒரே வரியில் விதி எழுதிக் கொடுத்தேன். பேரோல் (சம்பளப் பட்டியல்) ஜாபுகளும் அதே 'பே'யில்தான் தொடங்குகின்றன என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஒரு மாதக் கடைசி இரவில், ஷிப்டில் இருந்த பேமென்ட் குழுவினர் ஒருவர் தங்கள் ஜாப் என்று நினைத்து, வங்கிக்குச் சம்பளக் கோப்பை அனுப்பும் ஜாபை ஃபோர்ஸ் ஸ்டார்ட் செய்துவிட்டார் (நிபந்தனைகளைப் பார்க்காமல் உடனே ஓட்டிவிட்டார்). இரண்டாவது முறை வந்த கோப்பை வங்கியில் பார்த்து நிறுத்தியதால் தப்பித்தோம். அவரைக் குறை சொல்ல முடியாது; விதியை எழுதியவன் நான்.

மறுநாளே அப்ளிகேஷன் குறியீட்டை மூன்று எழுத்தாக வரையறுத்து, அதன்பின் அடிக்கோடு கட்டாயம் என்றும், அனுமதி விதியில் நட்சத்திரக் குறிக்கு முன்னால் அந்த அடிக்கோடும் இருக்க வேண்டும் என்றும் மாற்றினோம். இப்போதைய பதிப்புகளில் ஜாப் பெயருக்கு 64 எழுத்து வரை இடம் இருப்பதால், புரொடக்‌ஷனா டெஸ்டா, எந்த அப்ளிகேஷன், தினசரியா மாதாந்திரமா, பல ஜாபுகளை அடக்கிய பாக்ஸா ஒரு கட்டளையை ஓட்டும் கமாண்டா என்பதையெல்லாம் அதே வரிசையில் வைத்துவிடலாம்.

பலர் கவனிக்காமல் விடுவது ஜாபின் வரையறையில் வரும் ஓனர் என்ற வரியைத்தான். ஜாபின் கட்டளை எந்தப் பயனரின் பெயரில் ஓட வேண்டும் என்பதை அதுவே தீர்மானிக்கிறது. சர்வரில் முழு அதிகாரம் கொண்ட ரூட் என்ற பயனரின் பெயரில் ஓடும் ஜாபின் கட்டளையைத் திருத்தும் உரிமை ஒருவரிடம் இருந்தால், ரூட்டின் கடவுச்சொல் தெரியாமலேயே அந்த சர்வர் அவர் கைக்குப் போய்விடும். ஆகவே இஇஎம்மில் (ஆட்டோசிஸின் அனுமதி விதிகளை வைத்திருக்கும் பாதுகாப்பு மென்பொருளில்) ஜாபுக்கான விதிகளை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தாமல், ஓனருக்கென்று இருக்கும் தனி வகையிலும், எந்தக் குழு எந்தப் பயனரின் பெயரில் ஜாப் போடலாம் என்பதை எழுதிவிடுங்கள்.

ஆபரேட்டருக்கு இயக்கும் உரிமை மட்டும்தானே என்று அசட்டையாக இருக்கவும் முடியாது. ஜாபை ஓடாமல் நிறுத்த ஹோல்ட், ஐஸ் என்று இரண்டு நிலைகள் உண்டு. ஹோல்டில் வைத்தால் அதை நம்பியிருக்கும் ஜாபுகளும் காத்திருக்கும்; ஐஸில் வைத்தாலோ அந்த நிபந்தனை நிறைவேறியதாகவே கொண்டு அவை ஓடிவிடும். இரண்டையும் ஒன்றென்று நினைப்பவரிடம் புரொடக்‌ஷனைக் கொடுக்க எனக்கு மனம் வராது.

பழைய பெயர்களை மாற்றப்போகிறவர்களுக்கு ஒன்று: மற்ற ஜாபுகளின் நிபந்தனைகளில் பழைய பெயர் அப்படியே கிடக்கும், இல்லாத ஜாபைக் கேட்கும் நிபந்தனை ஒருநாளும் நிறைவேறாது. எனவே முதலில், ஜாபுகளின் விவரங்களைக் காட்டும் ஆட்டோரெப் கட்டளையால் எல்லா ஜாபுகளின் வரையறைகளையும் ஒரு கோப்பில் எடுத்துவைத்துக்கொண்டு, பழைய பெயர் எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடிப் பார்த்துவிட்டு, அதன்பிறகு பெயரில் கை வையுங்கள்.