தலை திரும்பாத பிள்ளை

நேயர்களுக்கு வணக்கம். பிரசவ வார்டில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவள் நான். ஒன்பதாம் மாத ஸ்கேனில் ‘தலை மேலே இருக்கிறது’ என்று வந்ததும், ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: “நான் மல்லாந்து படுத்ததாலயா சிஸ்டர்?” கூடவே நின்ற மாமியார் முகத்திலும் அதே கேள்விதான்.

இல்லை அம்மா. படுத்ததாலும் இல்லை, வேலை செய்ததாலும் இல்லை. 28 வாரத்தில் நாலில் ஒரு பிள்ளை அப்படித்தான் இருக்கும். பெரும்பாலும் தானே திரும்பிவிடும். மாதம் நிறைந்த பிறகும் திரும்பாமல் இருப்பது நூற்றுக்கு மூன்று, நான்கு. பனிக்குட நீர் கூடினாலோ குறைந்தாலோ, நஞ்சுக்கொடி கீழே இருந்தாலோ, கர்ப்பப்பையின் வடிவத்தாலோ அப்படி ஆகலாம். பல பேருக்குக் காரணமே தெரியாது.

அவள் கையை எடுத்து விலா எலும்புக்குக் கீழே வைத்தேன். தேங்காய் மாதிரி உருண்டையாக, கெட்டியாக ஒன்று. லேசாகத் தட்டினால் அசைந்தது. “இதுதான் தலை” என்றேன். அழுதுகொண்டிருந்தவள் அதைத் தடவிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

36, 37 வாரத்தில் டாக்டர் வயிற்றின் மேலிருந்தே கையால் திருப்பிப் பார்ப்பதுண்டு. ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திரும்பும். ஆனால் அது ஆஸ்பத்திரியில், ஸ்கேன் வைத்து, குழந்தையின் இதயத் துடிப்பைக் கவனித்து, உடனே ஆபரேஷன் செய்ய வசதி வைத்துக்கொண்டு செய்வது. வீட்டில் எண்ணெய் போட்டு வயிற்றை அமுக்கித் திருப்ப யாரையும் விடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். நஞ்சுக்கொடி பிய்த்துக்கொண்டால் தாய், பிள்ளை இரண்டு உயிருக்கும் ஆபத்து.

இன்னொன்று. பிள்ளை குறுக்கே இருந்தாலும் கால் கீழே இருந்தாலும், பனிக்குடம் உடைந்தால் வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தொப்புள்கொடி முன்னால் நழுவி வந்துவிடலாம். உடனே 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, இடுப்பை உயர்த்திப் படுங்கள். எந்த ஆஸ்பத்திரி, யார் கூட வருவது என்பதெல்லாம் முன்னமே பேசி முடிவாகியிருக்கட்டும்.

அந்தப் பெண்ணுக்குத் திருப்பிப் பார்த்தும் திரும்பவில்லை. சரி என்று 39-ஆம் வாரத்தில் சிசேரியன். பெண் குழந்தை. இரண்டு காலும் முகத்துக்கு நேராக மடங்கியே இருந்தன. பார்த்த பாட்டி பதறிப்போனார். சில நாளில் தானே இறங்கிவிடும் பாட்டி என்றேன், இறங்கியது. ஆனாலும் இப்படித் தலை திரும்பாமல் இருந்த பிள்ளைகளுக்கு இடுப்பு மூட்டு விலகியிருக்க வாய்ப்பு கொஞ்சம் அதிகம். அதனால் ஆறாவது வாரத்தில் இடுப்பு ஸ்கேனுக்கு வரச் சொல்லி, தேதியை அட்டையில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன்.