எட்டு நிலையும் ஏட்டுச் சுரைக்காயும்

மதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, வேலைகளை ஒத்திவைத்து வந்திருக்கும் தொழில்துறைச் சங்கத் தலைவர்களே, கல்வித்துறை அதிகாரிகளே, முன்வரிசை காலியாக இருந்தும் கடைசியில் போய் உட்கார்ந்திருக்கும் பட்டறைப் பயிற்றுநர்களே, அனைவருக்கும் வணக்கம். வரவேற்புரை ஆற்றிய அம்மையாருக்கும், எனக்கு முன் பேசி அவையைச் சூடேற்றி வைத்த இரு அறிஞர்களுக்கும் நன்றி.

ஐரோப்பிய ஒன்றியத்தின் தொழிற்பயிற்சிக் கொள்கையைப் பற்றி மூன்று செய்திகள் சொல்லலாம் என்றிருக்கிறேன். ஒன்று, தகுதி நிலைகள். இரண்டு, தேர்வாளர்கள். மூன்று, பயிற்சிச் செலவை எந்த நாடு சுமப்பது.

வேலைச் சந்தை ஒன்று, பயிற்சிக்கூடங்கள் பல. சிக்கலே அதுதான். பொதுவான தொழிற்பயிற்சிக் கொள்கை வேண்டும் என்று 1957ஆம் ஆண்டு ரோம் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டார்கள். 1963 ஏப்ரலில் அதற்குப் பத்துக் கோட்பாடுகள் வகுத்தார்கள். பயிற்சி நிலைகளைப் படிப்படியாக இசைவிக்க வேண்டும் என்பது எட்டாவது. உறுப்பு நாடுகள் இதற்கு அசைந்து கொடுக்கவில்லை. 1992இல் கையெழுத்தான மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம், இந்தத் துறையில் தேசியச் சட்டங்களை ஒரே அச்சில் வார்க்கக் கூடாது என்று கதவையே சாத்திவிட்டது. மிச்சம் இருப்பவை ஒப்பீடு, பரிந்துரை, நிதியுதவி.

ஒப்பீடு என்ன ஆனது? 1985இல் ஒரு முடிவெடுத்து, 19 துறைகளில் இருநூறுக்கும் மேற்பட்ட தொழில்களுக்கு நாடுவாரியாக அட்டவணை போடத் தொடங்கினார்கள். செடிஃபாப் என்ற ஐரோப்பியத் தொழிற்பயிற்சி மையத்துக்கு அந்த வேலை வந்தது. இந்த நாட்டுச் சான்றிதழ் அந்த நாட்டில் எதற்குச் சமம் என்று ஒவ்வொன்றாகத் தேடி எழுதவே ஆண்டுகள் ஓடின. அட்டவணை அச்சேறுவதற்குள் பட்டறையில் இயந்திரம் மாறியிருந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது!

2008இல் வேறு வழி பிடித்தார்கள். எத்தனை ஆண்டு படித்தாய் என்று கேட்காமல் என்ன செய்யத் தெரியும் என்று கேட்டு, எல்லாத் தகுதிகளையும் எட்டுப் படிகளில் அடுக்கும் ஐரோப்பியத் தகுதிச் சட்டகம் வந்தது. நல்ல யோசனைதான். ஆனால் யாரை எந்தப் படியில் உட்கார வைப்பது?

தன் நாட்டுத் தகுதிகளை அதே எட்டுப் படிகளில் அடுக்கப் போன ஜெர்மனியில் நடந்ததைக் கேளுங்கள். பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் பள்ளி இறுதித் தேர்வு அபிட்டூர். அதை 5ஆம் நிலையில் வைக்க வேண்டும் என்றார்கள் மாநிலக் கல்வி அமைச்சர்கள். கைவினைச் சங்கங்களும் வர்த்தக மன்றங்களும் தொழிற்சங்கங்களும் ஒரே குரலில் கொதித்தன. முதலாளியும் தொழிலாளியும் ஒரே பக்கம் நின்றார்கள், அதைக் கவனியுங்கள்! மூன்றரை ஆண்டு ஆலையில் வியர்வை சிந்தி, தேர்வாளர் கண்முன்னே வேலை செய்து காட்டித் தேறியவருக்கு 4. பள்ளி பெஞ்சிலிருந்து எழுந்து வந்த பிள்ளைக்கு 5. இது எந்த ஊர் நியாயம் என்று கேட்டார்கள். அபிட்டூர் எழுதியவருக்கு லேத்தை ஓட்டத் தெரியுமா என்றது ஒரு பக்கம். லேத் ஓட்டுபவருக்கு நுண்கணிதம் தெரியுமா என்றது மறுபக்கம். கடைசியில், 2012 ஜனவரியில், தீர்ப்பு என்ன தெரியுமா? அபிட்டூருக்கு நாற்காலியே கிடையாது! சட்டகத்துக்கு வெளியே நிற்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். சில ஆண்டுகள் கழித்துத்தான் உள்ளே அழைத்து, 4ஆம் நிலையில், தொழில் கற்றவருக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்தார்கள். மைஸ்டர் எனப்படும் தலைமைத் தொழில்வினைஞரோ இளங்கலைப் பட்டதாரியோடு 6இல் இருக்கிறார். (கைதட்டல்)

கைதட்டுங்கள், ஆனால் அந்த 4 என்ற எண் முதலாளிக்கு என்ன சொல்கிறது? ஒன்றும் சொல்வதில்லை. ஒரு வெல்டரின் ஐ.எஸ்.ஓ. 9606 சான்றிதழை, அதாவது வெல்டர் தேர்வுக்கான சர்வதேசத் தரத்தின்படி கொடுக்கும் காகிதத்தை, எடுத்துப் பாருங்கள். 135 என்று இருந்தால் கம்பி ஊட்டும் மேக் முறை. 111 என்றால் கைக்குச்சி. தகடா குழாயா, விளிம்போடு விளிம்பு சேரும் பட் இணைப்பா, மூலையில் சேரும் ஃபில்லட்டா என்று இருக்கும். பி.ஏ. என்று போட்டிருந்தால் பட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். கிடைமட்டத்தில் வைத்து மேலிருந்து பற்றவைப்பது. பி.எஃப். என்றால் வைப்பு நிதியல்ல. செங்குத்தில் கீழிருந்து மேலே ஏறுவது. பி.எஃப்.இல் தேறியவர் பி.ஏ. வேலையும் பார்க்கலாம், மறுபுறம் செல்லாது, ஏனென்றால் செங்குத்தில் உருகிய உலோகம் கீழே வழியப் பார்க்கும், அதைத் தாங்கிப் பிடிக்கும் கை வேறு. பட் இணைப்பில் 10 மி.மீ. கனத்துக்குப் பற்றவைத்துத் தேறினால் 3 முதல் 20 மி.மீ. வரை அனுமதி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, இவர் இன்னும் அந்த வேலையில்தான் இருக்கிறார் என்று பொறுப்பாளர் கையெழுத்திட வேண்டும். இந்தக் காகிதம் எந்த அமைச்சகத்தையும் கேட்காமல் எல்லை தாண்டுகிறது. காரணம், அதற்குப் பின்னால் ஒரு தேர்வாளர் உடைத்தோ வளைத்தோ ஊடுகதிர்ப் படமெடுத்தோ பார்த்த ஒரு துண்டு இரும்பு இருக்கிறது.

தொழில் கற்பவரை வேறு நாட்டுக்கு அனுப்பும் மாணவர் பரிமாற்றத்தில் இதுதான் இல்லை. இரு நிறுவனங்கள் உடன்படிக்கை போடுகின்றன. மாணவர், அனுப்புபவர், ஏற்பவர் மூவரும் கற்றல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார்கள். ஒப்பந்தத்தில் “வெல்டிங் செய்வார்” என்று ஒரு வரி. எந்த முறை, பி.ஏ.வா பி.எஃப்.ஆ, எவ்வளவு கனம்? பதில் இல்லை. மாணவர் திரும்பி வந்ததும் சொந்த நிறுவனம் மறுபடியும் தேர்வு எழுது என்கிறது. வெளிநாட்டில் கற்றதைச் சொந்த ஊரில் வரவு வைக்க, முழுநேரப் பயிற்சி ஆண்டுக்கு 60 புள்ளி என்று 2009இல் ஒரு கணக்கும் கொண்டு வந்தார்கள். 2020இல் அதையும் கைவிட்டார்கள். ஏட்டுச் சுரைக்காய்தான், மறுபடியும்.

ஆகவே என் கோரிக்கை: தேர்வாளர் எல்லை கடக்கட்டும். மூவர் தேர்வுக் குழுவில் ஒருவர் அண்டை நாட்டுப் பட்டறையிலிருந்து வரட்டும். வந்ததும் மாணவருக்கு மதிப்பெண் போட விடாதீர்கள். முதலில் பழைய தேர்வுத் துண்டுகள் ஐந்தை மூவரும் தனித்தனியாக மதிப்பிடட்டும். எங்கே வேறுபடுகிறார்களோ அந்தத் துண்டை மேசையில் வைத்து வாதாடட்டும். அந்த வாதத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். அதைச் சுருக்கினால் மொத்தப் பயணச் செலவும் வீண். மொழிபெயர்ப்பாளர் பட்டறைச் சொல் அறிந்தவராக இருக்க வேண்டும். பற்றவைப்பின் ஓரத்தில் பள்ளம் விழும் குறையான ‘அண்டர்கட்’ என்பதை அகராதியைப் பார்த்து மொழிபெயர்த்தால் தேறியவர் தோற்றுப்போவார்.

மூன்றாவது செய்திக்குள் நுழையலாம் என்று பார்த்தால் தலைவர் மணியின் மேல் கை வைத்துவிட்டார். அவருடைய பொறுமைக்கு நன்றி. தேர்வாளர் பரிமாற்றம் பற்றிய தீர்மான வரைவு வாசல் மேசையில் இருக்கிறது, ஒரே பக்கம்தான். கையெழுத்திடுபவர்கள் பெயருக்குப் பக்கத்தில் பதவியை எழுத வேண்டாம், தொழிலை எழுதுங்கள். பின்வரிசைக்காரர்கள் முதலில் வரவும். வணக்கம்.